கம்பி இடுக்கில் இறங்கும் சூப்

ஜூன் 3, செவ்வாய்

கொதிக்கக் கொதிக்க மிக்சியில் ஊற்றி, மூடியைக் கையால் அழுத்திக்கொண்டு போட்டேன். ஒரு சுற்றுத்தான். மூடி எகிறியது. அரசாணிப் பூசணியும் கேரட்டும் மேற்கூரையில், காலண்டரில், என் வலது கையில். குழாய்த் தண்ணீரில் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், போன் மணி அடிக்கிறது. பக்கத்துக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மனிதர் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்: "என்ன சத்தம்."

அவர் என் வீட்டுக்காரர் சென்னியப்பன். கணபதியில் மோட்டார் பம்பு பட்டறை வைத்திருக்கிறார். போன வாரம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கீழ்த்தாடை முறிந்துவிட்டது. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். எலும்பு கூடும் வரை வாயைத் திறக்க முடியாது. கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் ஸ்ட்ராவைச் செருகி உறிஞ்சுவதுதான் சாப்பாடு.

டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். சர்க்கரை இருப்பதால் கஞ்சியாக ஊற்றக் கூடாது. காய்கறியை வேகவைத்து, மையாக அரைத்து, வடிகட்டி, கிரீம் மாதிரி கொடுக்க வேண்டும். நார் இருந்தால் கம்பியில் சிக்கும். தண்ணியாக இருந்தால் உடம்பில் ஒட்டாது. என்ன கொடுத்தோம் என்று தினமும் எழுதிவைக்கவும் சொன்னார். அதற்காகத்தான் இந்த டைரியை எடுத்தேன்.

இன்று கொடுத்தது: மோர். மற்றது கூரையில் இருக்கிறது.

ஜூன் 4, புதன்

ஆறவிட்டு அரைத்தேன். மூடி எகிறவில்லை. நிறம் வரட்டுமே என்று தக்காளி போட்டிருந்தேன். கடைசியில் பாலை ஊற்றியதும் திட்டுத் திட்டாகத் திரிந்துபோனது. டம்ளரைப் பார்த்துவிட்டு போனில் தட்டினார்: "இது என்ன."

"சூப்புங்க."

"யாருக்கு."

பேச முடியாதபோதும் இப்படி.

ஜூன் 8, ஞாயிறு

நங்கை வந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா ரத்தினாத்தாள். தம்பியைப் பார்த்துக் கொஞ்சம் அழுதார். பிறகு சமையலறைக்கு வந்து மூடிகளைத் திறந்து பார்த்தார்.

"ஏனம்மிணி, காய வேகவச்ச தண்ணியக் குடுத்து ஒரு ஆம்பளய எத்தன நாளைக்கு வச்சிருப்ப?"

"டாக்டர் சொன்னதுங்க நங்கை."

"டாக்டருக்கு என்ன தெரியும், நம்ம ஒடம்பப் பத்தி."

என் வீட்டுக்காரர் கம்பிக்குள்ளிருந்தே பல்லைக் கடித்தபடி பேசப் பழகிவிட்டார். காற்றும் எச்சிலும்தான் வருகிறது. மற்றவர்களுக்கு ஒரு சொல் புரியாது. எனக்குப் புரிகிறது. புரியாமல் இருந்திருக்கலாம்.

சுரைக்காய் சூப்பை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு என்னவோ சொன்னார்.

"என்னங்கறான்?" என்று கேட்டார் நங்கை.

"நல்லா இருக்குதாமா."

அவர் சொன்னது, மாடு குளிப்பாட்டின தண்ணி மாதிரி இருக்கிறது என்று. என்னை முறைத்தார். திரும்பவும் சொன்னார்.

"இப்ப?"

"இன்னொரு டம்ளர் கேக்கறாருங்க."

கொண்டுவந்து வைத்தேன். அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்ததால் முழுவதையும் குடிக்க வேண்டியதாயிற்று. இந்த வீட்டில் எனக்கு இவ்வளவு சந்தோஷமான ஒரு சாப்பாட்டு நேரம் வாய்த்ததாக நினைவில்லை.

ஜூன் 11, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனோம். எடை நான்கு கிலோ இறங்கியிருக்கிறது. இன்னும் இறங்கினால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் உணவு என்றார் டாக்டரம்மா. என்னிடம்தான் சொன்னார், நான்தான் சாப்பிடாமல் இருக்கிறவள் போல.

புறப்படும்போது தலையணை அருகில் கட்டர் வைத்திருக்கிறீர்களா என்று மறுபடி கேட்டார். வாந்தி வந்து மூச்சடைத்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடிவர நேரம் இருக்காது, கம்பியை நீங்களே வெட்டிவிட வேண்டும் என்று முதல் நாளே எந்த இடத்தில் வெட்டுவது என்பதைக் காட்டியிருந்தார். வெட்டினால் எலும்பு நகர்ந்துவிடும், எல்லாம் முதலிலிருந்து. ஆகவே வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும். கட்டர் இருக்கிறது. பட்டறைக்காரர் வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை.

ஆட்டோவில் வரும்போது பல்லுக்குள் சொன்னார்: "கொழாயெல்லாம் வேண்டாம்."

"அப்பக் குடிங்க."

"குடிக்கற மாதிரி பண்ணு."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கஸ்தூரி கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவள். உடுமலையில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு விடுதி நடத்துகிறாள். "ஏ புள்ள, ஆடி பொறக்கற வரைக்கும் எடத்தப் பிடிச்சு வச்சிருக்கறேன். அதுக்கு மேல வேற ஆளத்தான் பாக்கோணும்" என்றாள். சரி என்றேன்.

ஜூன் 12, வியாழன்

காலிஃபிளவர். தக்காளி இல்லை. ஐந்து முந்திரியை ஊறவைத்து அதோடு சேர்த்து அரைத்தேன், பாலே வேண்டியிருக்கவில்லை. வடிகட்டியில் ஒருமுறை, பழைய வேட்டித் துணியில் ஒருமுறை. நான்கு டம்ளர் குடித்தார். உப்பு குறைவு என்றார். குறைவுதான்.

ஜூன் 15, ஞாயிறு

அரசாணிக்காயை வேகவைக்காமல் தோலோடு அடுப்புத் தணலில் சுடுவது போல தோசைக்கல்லில் மூடி போட்டுச் சுட்டேன். நார் தளர்ந்து தானாகக் கழன்று வருகிறது, வடிகட்டுகிற வேலை பாதியாகக் குறைகிறது. அதற்காகத்தான் செய்தேன். சுட்டால் இனிப்பு ஏறும் என்பது தெரியாது. வெண்ணெயில் சின்ன வெங்காயமும் பூண்டும் நிறம் மாறாமல் வதக்கி, அதோடு அரைத்து, மிளகைப் பொடித்துத் துணியில் சலித்துப் போட்டேன். கரண்டியைத் தூக்கினால் பட்டு மாதிரி வழுக்கி விழுந்தது.

குடித்தார். ஸ்ட்ரா அடியில் சத்தம் வருகிற வரை உறிஞ்சினார்.

இப்படிச் சொட்டு விடாமல் காலியான டம்ளரைப் பார்த்ததே இல்லை. கல்யாணமான நாள் முதல் நான் பார்த்தது வேறு. ஒரு வாய் வைப்பார். தட்டை ஒற்றை விரலால் முன்னே தள்ளுவார். புளி கூட, உப்புக் குறைவு, குழைந்துவிட்டது, விறைத்து நிற்கிறது. கத்தமாட்டார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். விரலை வைத்துத் தள்ளுகிற மனிதரிடம் என்ன சொல்வது? மகன் பிரவீன் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு அந்தத் தட்டு எனக்கு நேராகவே நகர்ந்து வந்தது. சித்திரையில் அவருடைய சிநேகிதர்கள் நான்கு பேர் சாப்பிட வந்தார்கள். அவர்கள் முன்னாலும் தள்ளினார். ஒருவர் சிரித்தார்.

அதன் பிறகுதான் கஸ்தூரியிடம் பேசினேன்.

விழுந்தாரே, அன்று காலை நான் பையை வாசலில் வைத்துவிட்டுச் சொன்னேன்: "நான் உடுமலைக்குப் போறனுங்க. கஸ்தூரி விடுதியில வேல. திரும்பி வர்றதா இல்ல."

பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "மத்தியானம் என்ன சாப்புடறது?"

உக்கடத்தில் பஸ் ஏறினேன். கிணத்துக்கடவு தாண்டும்போது பட்டறை ஜெகநாதன் போன் செய்தார். இறங்கி எதிர்ப்பக்க பஸ்ஸில் ஏறினேன். வேறு யாராவது இருந்திருந்தால் ஏறியிருக்க மாட்டேன். யாரும் இல்லை.

ஜூன் 19, வியாழன்

பசலைக்கீரையும் உருளைக்கிழங்கும். கரும்பச்சை. "பெயிண்டா?" என்று கேட்டார். மூன்று டம்ளர் பெயிண்ட் குடித்தார்.

ஜூன் 22, ஞாயிறு

மணிக்கட்டு வலிக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

நான் காய் வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து நங்கை தூக்குப்போசியில் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்திருக்கிறார். எலும்பு கூடுமாம். நான் திரும்பி வரும்போது வீட்டுக்காரர் இரண்டாவது டம்ளரில் இருந்தார். மேலே ஒரு விரல் உயரத்துக்குக் கொழுப்பு மிதந்தது. மூன்று வாரமாகக் காயைத் தவிர எதையும் பார்க்காத வயிறு.

"எப்படிக் குடிக்கறான் பாரு" என்றார் நங்கை.

கொஞ்ச நேரத்தில் அவர் முகம் வெளுத்தது. எழுந்திருக்கப் பார்த்தார். தொண்டை ஏறி இறங்கியது. எனக்குப் புரிந்துவிட்டது. கட்டரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். அதற்குள் வாந்தி வந்துவிட்டது. வாய் திறக்காது. மூக்கு வழியாக, பல்லிடுக்கு வழியாக. மூச்சு இழுக்கிறார், உள்ளே போகவில்லை. கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போல இருந்தது. நங்கை சுவரில் சாய்ந்து "முருகா, முருகா" என்கிறார்.

"தலயக் குனிங்க. குனிங்கங்கறேன்." பின்கழுத்தைப் பிடித்து முழங்கால் வரைக்கும் அழுத்தினேன். ஒரு கையில் கட்டர். கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்துக் கம்பிக்குள் நுனியை வைத்துவிட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்றா, சீக்கிரம் என்றா, தெரியவில்லை. இந்த மனிதர் பேசுவதெல்லாம் எனக்குப் புரியும் என்று எழுதியிருந்தேன். அது மட்டும் புரியவில்லை.

அப்போது கன்னத்தின் பக்கமாக மொத்தமும் கொட்டியது. ஒரு மூச்சு உள்ளே போனது. கீச்சென்ற சத்தத்தோடு இன்னொன்று. நான் கட்டரை எடுக்கவில்லை. அழுத்தவும் இல்லை. மூச்சு ஒரே சீராகப் போகிற வரை அப்படியே நின்றேன்.

வெட்டவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினோம். எலும்பு நகரவில்லை, நெஞ்சில் சளி இல்லை. நங்கை வழியெல்லாம் அழுதார். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் புடவை முழுக்க வாந்தியாக இருந்தது. "ஊட்டுக்குப் போயிக் குளிங்க நங்கை" என்றேன்.

ஜூன் 23, திங்கள்

மணிக்கட்டில் ஐந்து விரலும் பதிந்திருக்கிறது. வெறும் மோர் போதும் என்றார். போதாது என்று கேரட் சூப் வைத்தேன். உப்பே போட மறந்துவிட்டேன். குடித்தார். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

ஜெகநாதன் ஸ்கூட்டரைச் சரிசெய்து கொண்டுவந்தார். பட்டறையில் இருபது வருஷமாக இருக்கிறவர். அன்று விழுந்த இடத்துக்கு முதலில் போனவரும் அவர்தான். முதலாளி தூங்கிக்கொண்டிருந்ததால் வாசலிலேயே நின்றார்.

"சீட்டுக்குக் கீழ டப்பால இது இருந்துச்சுங்க அக்கா. மருந்துங்கறதால எடுத்து வச்சிருந்தேன்."

என் பிரஷர் மாத்திரை. முழு அட்டை. அன்று அவசரத்தில் அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

"எங்கீங்க விழுந்தாரு? காந்திபுரத்துல பேரிங் வாங்கப் போனேன்னு சொன்னாரு."

"காந்திபுரமா? இல்லீங்க. உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்குப் போற ரோட்டுலீங்க. ஒரு பள்ளத்துல உட்டுட்டாரு. பேரிங் கட அக்கட்ட ஏதுங்க."

காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். வேண்டாம் என்று போய்விட்டார். நான் வாசலில் நின்று ஸ்கூட்டரைத் துடைத்தேன். அழுக்காக இருந்தது.

ஜூன் 28, சனி

கேட்கவில்லை. பல்லைக் கட்டி வைத்திருக்கிற ஆளிடம் என்ன கேட்பது.

பூசணிக்காய் சூப். தண்ணியாகிவிட்டது.

ஜூலை 9, புதன்

கம்பியை எடுத்துவிட்டார்கள். ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் வாய் திறக்கிறது. இன்னும் ஒரு மாதத்துக்கு மெல்லக் கூடாது, இதே சூப்பும் குழைந்த சாதமும்தான்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் பேசுவார் என்று நினைத்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. சமையலறை வாசலில் வந்து நின்று, "எப்பப் போற?" என்றார். குரல் கரகரவென்று யாருடையதோ போல இருந்தது.

"ஆடி பொறந்ததும்."

தலையாட்டினார்.

நான் அரிந்துகொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தேன். "அன்னிக்கு எதுக்குங்க உக்கடத்துக்கு வந்தீங்க?"

ஜெகநாதனை மனதுக்குள் திட்டியிருப்பார். "மாத்திரய உட்டுட்டுப் போயிட்ட."

"அதுக்கு மட்டுமா?"

"பஸ்ஸு போயிருக்கும்னு நெனச்சேன். போகலீன்னா உங்கிட்ட என்ன சொல்றதுன்னு யோசன பண்ணிட்டே வந்தேன். அதுல பள்ளத்தப் பாக்கல."

"என்ன சொல்லலாம்னு யோசிச்சீங்க?"

"ஒண்ணும் தோணல, வேணி."

பொய் சொல்லவில்லை. உன்னைத் தடுக்கத்தான் வந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் இவ்வளவு காலம் ஒரு வீட்டில் இருந்துவிட்டு என்னிடம் சொல்ல ஒன்றுமே தோன்றவில்லை என்கிற மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கத்தியை எடுத்து மறுபடி அரிந்தேன். துண்டுகள் எல்லாம் கோணல்.

கஸ்தூரிக்குப் போன் செய்து வருகிற தேதியைச் சொன்னேன்.

ஜூலை 13, ஞாயிறு

"நான் போனப்பறம் யாரு பண்ணுவா? நீங்களே பண்ணுங்க" என்றேன். அடுப்படியில் நிறுத்தினேன்.

மோட்டாரை அக்கக்காகக் கழற்றி மாட்டுகிறவருக்கு மிக்சி ஜாரைப் பொருத்தத் தெரியவில்லை. வெங்காயத்தை நசுக்கினார். "வெண்ண உருகற சூடு போதும், கருகக் கூடாதுங்க" என்றால், "எத்தன டிகிரி?" என்று கேட்கிறார். அடுப்பில் டிகிரி எங்கே எழுதியிருக்கிறது? ஆறவிட்டு அரைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் கொதிக்கிறதை ஊற்றிவிட்டார். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார்.

மதியம் ஆகிவிட்டது. மூன்று பாத்திரம் அடிப்பிடித்திருந்தது. கடைசியில் ஒரு டம்ளர் வந்தது. எனக்கு ஒரு கரண்டி ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரே நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பூண்டு பச்சை வாசனை. மிளகு அதிகம். அரைபடாத கட்டிகள்.

"எப்படி?" என்றார்.

"பூண்டு வேகல" என்றேன்.

முகம் சுருங்கிவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்தார். காலையிலிருந்து நின்றிருக்கிறார். பாத்திரங்களையும் கூரையையும் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இத்தன நேரம் நின்னு பண்ணி, இப்படிக் கேட்டா எப்படித்தான் இருந்திருக்கும்."

யாருக்குச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மீதியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவப் போட்டேன். அடுப்புப் புகை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. காஸ் அடுப்புதான். இருந்தாலும்.

ஜூலை 18, வெள்ளி

"ஆடி மாசத்துல யாராச்சும் ஊடு மாத்துவாங்களா?" என்றார் நங்கை. "ஊடு மாத்தலீங்க, வேலைக்குப் போறேன்" என்றேன். "அவனத் தனியா உட்டுட்டா?" என்று அவர் ஆரம்பித்ததும், இவர் உள்ளே இருந்து சொன்னார்: "அக்கா, அவ போகட்டும்."

நங்கை என்னைப் பார்த்து, "என்னங்கறான்?" என்றார். இப்போது குரல் தெளிவாகத்தான் இருந்தது. பழக்கம்.

"போகட்டுமாங்கறாருங்க" என்றேன். இந்தமுறை சரியாகச் சொன்னேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுகிறேன் என்றார் இவர். வேண்டாம் என்று ஆட்டோவில் போனேன். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. கிணத்துக்கடவு வந்தது, போனது. யாரும் போன் செய்யவில்லை. இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன், சார்ஜ் இருக்கிறதா என்று.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. விடுதியில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேருக்குப் பார்வையாளர்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மேல் முன்னறையில் உட்கார்ந்து பேசலாம், ஆறு மணிக்கு நான் மணி அடித்ததும் எழுந்துவிட வேண்டும். இங்கே என் வேலைகளில் இதுவும் ஒன்று. போன வாரம் ஒரு பெண்ணின் அப்பா இன்னும் ஐந்து நிமிடம் என்று கெஞ்சினார். ஒருத்தருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்று சொல்லிவிட்டேன்.

காவல்காரர் வந்து, "உங்களப் பாக்க ஒருத்தர் வந்திருக்காருங்க மேடம்" என்றார்.

முன்னறையில், பெண்களின் அப்பா அம்மாக்களுக்கு நடுவில், பிளாஸ்டிக் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சலவை வேட்டி. இளைத்திருந்தார். மடியில் ஒரு ஃபிளாஸ்க். கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் ஒரு ஃபிளாஸ்க் சூப்பை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"சொல்லிட்டு வரலாமில்லீங்க" என்றேன்.

"சொன்னா வேண்டாம்பியோன்னு."

மூடியில் ஊற்றிக் கொடுத்தார். பீர்க்கங்காய். யாரும் சூப்புக்குப் போட மாட்டார்கள். வழியில் குலுங்கித் தண்ணி தனியாகப் பிரிந்திருந்தது. உப்பு தூக்கலாக இருந்தது. கட்டி இல்லை. வேட்டித் துணியில் வடிகட்டினாராம்.

"உப்பு கூட. பீர்க்கங்காய் தண்ணி உடும், அதுக்குப் பாசிப்பருப்பு கொஞ்சம் சேத்து வேகவைக்கோணும்."

"எவ்வளவு?"

"ஒரு கை."

"எங்கையா, உங்கையா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா சிரித்துவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. என் கையைக் காட்டினேன். அவர் தன் கையை அதற்குப் பக்கத்தில் வைத்து அளவு பார்த்துக்கொண்டார்.

பட்டறையைப் பற்றிச் சொன்னார். பிரவீன் போன் செய்ததைச் சொன்னார். நான் மாடி அறைக் குழாய் ஒழுகுவதைச் சொன்னேன், வாஷர் போயிருக்கும் என்றார். வீட்டுக்கு எப்போது வருகிறாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

"அடுத்த ஞாயித்துக்கெழம வரலாமா?" என்றார்.

"நாலுலிருந்து ஆறு வரைக்கும். எல்லாருக்கும் அதுதானுங்க."

"தெரியும். போர்டுல பாத்தேன்."

அவர் மீதி சூப்பைத் தானே ஊற்றி, ஆறிப்போனதை மெதுவாகக் குடித்தார்.

மணி அடித்தேன். எல்லாரோடும் சேர்ந்து அவரும் எழுந்து, ஃபிளாஸ்க்கை மூடிக்கொண்டு போனார். கொஞ்சம் தாமதமாக அடித்துவிட்டதாகக் காவல்காரர் சொன்னார். முன்னறைக் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று நினைக்கிறேன். கஸ்தூரியிடம் சொல்லி மாற்ற வேண்டும். இப்போது ஒன்றும் அவசரமில்லை.